ஆதாரின் ஆவணங்கள்: பெங்களூரில் ஒரு கட்டமைப்பு எழுதப்பட்ட வரலாறு

2018 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றத்தில், ஆதார் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன்னால் ஒரு பவர்பாயின்ட் ஓடியது. காட்டியவர் வழக்கறிஞர் அல்ல. ஆதார் ஆணையத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி அஜய் பூஷண் பாண்டே. ஒருவரின் கைரேகை எந்த இடத்தில் பூட்டப்படுகிறது, பூட்டிய பொட்டலம் யார் யாரைத் தாண்டி மையத்துக்குப் போகிறது, அங்கிருந்து என்ன பதில் திரும்புகிறது என்று அவர் விளக்கினார். 2048 பிட் சாவி ஒன்றை உடைக்கப் பிரபஞ்சத்தின் வயதுக்கும் மேலான காலம் ஆகும் என்றார். முந்தைய நாள்தான் அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், தரவு 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் உள்ள சுவர்களுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். சுவரைப் பற்றிச் சொன்னால் போதாது, கட்டமைப்பையே விளக்கியாக வேண்டும் என்ற நிலை ஒரே நாளில் வந்துவிட்டது.

பெங்களூரின் அலுவலகங்களில் 'ஆர்க்கிடெக்சர் டயகிராம்' போடுவது அன்றாட வேலை. கட்டமும் அம்புக்குறியுமாக ஒரு படம், பக்கத்தில் பத்துப் பக்க விளக்கம். திட்டம் தொடங்கும்போது அக்கறையாக எழுதுவார்கள்; ஒரு வருடம் கழித்துத் திறந்தால் படம் ஒன்று சொல்லும், நிரல் வேறொன்று செய்யும். இது எல்லா நிறுவனங்களிலும் பழகிப்போன சங்கதி. ஆதார் இந்த விஷயத்தில் அபூர்வமானது. அதன் கட்டமைப்பு குறித்த ஆவணங்களில் கணிசமானவை 2009 முதலே பொதுவெளியில் இருக்கின்றன. ஒரு மென்பொருள் பிறந்து, வளர்ந்து, கைமாறி, சட்டத்துக்குள் அடங்கி, கடைசியில் வேறு நாடுகளுக்கு முன்மாதிரியான காலம் முழுவதிலும் அதைப் பற்றிய எழுத்து என்ன ஆனது என்று பின்தொடர அவை வழிவிடுகின்றன. அப்படிப் பின்தொடர்ந்தால் ஒன்று புலப்படுகிறது. ஆவணம் உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் எழுதியவரின் ஒழுக்கத்தால் அமைவதில்லை. அதை நம்பி வேலை செய்கிற வெளியாள் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வியின் வேர் ஆதாருக்கு வெகு முந்தையது. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் ஓ.எஸ்./360 இயங்குதளத்தைக் கட்டியபோது, எல்லா வடிவமைப்புக் குறிப்புகளையும் ஒரே பணிக்கையேட்டில் சேர்த்து ஒவ்வொரு நிரலருக்கும் பிரதி தந்தார்கள். ஆறே மாதத்தில் அந்த ஏடு 5 அடி தடிமனுக்கு வளர்ந்துவிட்டதாகத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975ல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். தினமும் மாற்றப்பட்ட தாள்கள் மட்டும் சுமார் 150 பக்கம் வந்தன. பிறகு மைக்ரோஃபிஷுக்கு மாறினார்கள். (வேணுகோபால் சொன்ன சுவரும் இந்தக் காகித அடுக்கும் ஒரே கனம் என்பது தற்செயல்தான்.) எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்ற புரூக்ஸின் எண்ணத்தைக் கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் மறுத்தார். ஒவ்வொரு பகுதியும் தன் உட்புறத்தை மறைத்து, இடைமுகத்தை மட்டும் துல்லியமாக எழுதித் தந்தால் போதும் என்பது 1970களின் தொடக்கத்தில் அவர் வைத்த வாதம். இருபது ஆண்டுகள் கழித்து புரூக்ஸே பார்னாஸ் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கம் டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நாவுர் 1985ல் மேலும் கடுமையாக ஒன்று சொன்னார். ஒரு நிரலைப் பற்றிய உண்மையான அறிவு அதைக் கட்டியவர்களின் மனத்தில்தான் இருக்கிறது, எந்த ஆவணமும் அதை முழுதாக ஏந்தாது, அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்ததாகவே கொள்ள வேண்டும் என்றார். பார்னாஸையும் நாவுரையும் இரு துருவங்களாக வைத்தால், பெங்களூரின் கதை இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது.

நாவுர் அப்படி எழுதிய அதே 1985ல்தான் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூரில் தன் வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. இன்ஃபோசிஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே புனேயிலிருந்து இங்கே வந்திருந்தது. வாடிக்கையாளர் அமெரிக்காவில், நிரலர் இங்கே. நடுவில் பாதி உலகமும் பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட கால வித்தியாசமும். எதிரில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத நிலையில் எழுத்து மட்டுமே பாலமானது. எஸ்.ஆர்.எஸ். (தேவை விவரக்குறிப்பு), எச்.எல்.டி. (மேல்நிலை வடிவமைப்பு), எல்.எல்.டி. (நுணுக்க வடிவமைப்பு) என்ற சுருக்கெழுத்துகள் நகரத்தின் பேச்சுமொழியில் கலந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் தருகிறவர்களை எடைபோட கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய சி.எம்.எம். அளவுகோலில் பெங்களூரின் மோட்டோரோலா பிரிவு 1993லேயே உச்சமான ஐந்தாம் நிலையைத் தொட்டது. இன்ஃபோசிஸ் 1999 டிசம்பரில் அதை எட்டியது.

சான்றிதழால் வியாபாரம் பெருகியது. ஆவணம் பெருகியதும் உண்மை. ஆனால் அந்த ஆவணங்களில் பலவற்றின் முதல் வாசகர் தணிக்கையாளர். அவர் வந்து பார்த்துப் போனபின் அவற்றைத் திறப்பவர் யாரும் இல்லை. வேலை மாறுகிறவர் கடைசி வாரங்களில் தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பெங்களூரில் 'கே.டி. கொடுப்பது' என்பார்கள். எச்.எல்.டி. அலமாரியில் இருந்தும் மூன்று வாரம் வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்த எச்.எல்.டி. பற்றிய விமர்சனம். நாவுர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

2001ல் அஜைல் பிரகடனம் வந்தது. விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளே மேல் என்று அது அறிவித்தது. அதே ஆண்டு தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் பெங்களூரில் கிளை தொடங்கியது. பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான மார்ட்டின் ஃபௌலர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். பெங்களூர் அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், கடல் தாண்டி வேலை செய்யும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாக எழுதத்தான் வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆவணத்தைக் குறைக்கச் சொன்ன முகாமிலிருந்தே வந்த ஒப்புதல் இது. ஏறத்தாழ அதே காலத்தில் வந்த ஐ.இ.இ.இ. 1471 தரநிலை (2000), கட்டமைப்பு விவரணை முதலில் யாருக்கு அதில் அக்கறை, அவர்களின் கேள்வி என்ன என்று அடையாளம் காண வேண்டும் என்றது. படம் வரைவது பிற்பாடு.

ஆதாருக்கு இந்த மரபு அத்தனையும் முதலீடாகக் கிடைத்தது.

ஆதாரை நடத்தும் இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் 2009 ஜனவரியில் திட்டக் கமிஷனின் கீழ் உருவானது. ஆண்டின் நடுவில் இன்ஃபோசிஸை நிறுவியவர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி தலைவரானார். தலைமை அலுவலகம் டெல்லியில், தொழில்நுட்ப மையம் பெங்களூரில். ஸ்ரீகாந்த் நாதமுனி தொழில்நுட்பத் தலைவர், பிரமோத் வர்மா தலைமைக் கட்டமைப்பாளர். தனியார் நிறுவனங்களிலிருந்து விடுப்பு எடுத்து வந்தவர்கள், சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அயல்பணியில் வந்த அரசு அதிகாரிகள் என்று குழு கலவையாக இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கிளம்பிவிடுவார்கள் என்பது முதல் நாளே தெரிந்த சங்கதி. மனத்தில் உள்ள அறிவு மனிதரோடு போய்விடும் என்றால், எழுதிவைப்பதைத் தவிர வழியில்லை.

தொடக்க ஆவணங்கள் வேகமாக வந்தன. என்.விட்டல் தலைமையிலான குழு பெயர், முகவரி போன்ற விவரங்களை எப்படி எழுதுவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதை 2009 டிசம்பரில் வரையறுத்தது. பயோமெட்ரிக் தரங்களுக்கு இன்னொரு குழு. அவற்றைவிட நெருங்கிப் பார்க்கத் தக்கது, 2010 மே மாதம் வந்த ஒரு சிறு அறிக்கை. ஹேமந்த் கனாகியா, ஸ்ரீகாந்த் நாதமுனி, சஞ்சய் சர்மா ஆகிய மூவர் எழுதியது. பொருள் ஒன்றே ஒன்று: அடையாள எண் எப்படி இருக்க வேண்டும்?

இன்று சட்டைப்பையில் இருக்கும் 12 இலக்கங்கள் அங்கே ஒவ்வொன்றாக வாதிட்டுப் பெறப்பட்டவை. மாநிலம், பிறந்த ஆண்டு, பாலினம் எதையும் எண்ணுக்குள் புதைக்கக் கூடாது. எண் வெறும் எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது முதல் முடிவு. பழைய கணினி அமைப்புகளில் இடம் மிச்சம் பிடிக்க எண்ணுக்குள்ளேயே தகவலை ஒளித்துவைத்தார்கள். ஆள் இடம்பெயர்ந்தால் எண் பொய்யாகும், எண்ணைப் பார்த்தே ஆளை எடைபோடவும் வழியாகும். அடுத்தது நீளம். எண் 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. எனவே முதல் இலக்கத்துக்கு 8 வாய்ப்புகள், அடுத்த பத்துக்கும் தலா 10. ஆக மொத்தம் 8,000 கோடி எண்கள். இந்தியாவுக்குப் பல தலைமுறை தாங்கும். இறந்தவரின் எண்ணை இன்னொருவருக்குத் தர வேண்டிய அவசியமே வராது.

பன்னிரண்டாவது இலக்கம் காவல்காரன். கிரெடிட் கார்டுகளில் பயன்படும் லூன் முறையை எல்லோரும் அறிவார்கள். அதில் ஓர் ஓட்டை உண்டு. 09 என்பதை 90 என்று மாற்றி எழுதினால் அது கண்டுகொள்ளாது. நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969ல் வெளியிட்ட முறை, ஓரிலக்கப் பிழை எதையும் தப்பவிடாது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம்மாறினாலும் தப்பவிடாது. கணக்கு கொஞ்சம் சிக்கலானது. கையால் போடுவது எளிதல்ல. ஆனால் கோடிக்கணக்கான எண்களைப் படிவத்திலும் தொலைபேசியிலும் சொல்லி எழுதப்போகிற நாட்டில், எண்களை மாற்றி எழுதுவதுதான் நித்தியப் பிழை. அதனால் ஆதார் வெர்ஹூஃபைத் தேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது கணக்கை அல்ல, எழுதிய விதத்தை. என்ன முடிவு என்பதோடு நில்லாமல், வேறு என்ன வழிகள் இருந்தன, அவை ஏன் தள்ளப்பட்டன என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. 2011ல் அமெரிக்காவின் மைக்கேல் நைகார்ட் 'கட்டமைப்பு முடிவுப் பதிவு' என்ற வடிவத்தைப் பரிந்துரைத்தார்: ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு, சூழல், முடிவு, விளைவு. இன்று உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்கள் அதைப் பின்பற்றுகின்றன. அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே இந்த அறிக்கை அதே வேலையைச் செய்துவிட்டது. வீடு எத்தனை கை மாறினாலும் தாய்ப்பத்திரம் பெட்டியில் இருப்பதுபோல, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அதில் ஒரு வரியைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. எண்ணைத் தங்கள் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்ட வங்கிகளும் துறைகளும் திருத்த விட்டிருக்கவும் மாட்டா.

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்பிலி கிராமத்தில் முதல் ஆதார் எண்கள் வழங்கப்பட்டன. அதற்குமுன் அதே ஆண்டில் இரண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. மென்பொருளை எழுதும் வேலை பெங்களூரின் மைண்ட்ட்ரீ நிறுவனத்துக்குப் போனது. பயோமெட்ரிக் ஒப்பீட்டு வேலை ஒரே நிறுவனத்துக்குத் தரப்படவில்லை. மூன்று தரப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட்டது. ஏன் மூன்று? புதிதாக ஒருவர் பதிவு செய்தால் ஏற்கெனவே உள்ள அத்தனை பேரோடும் அவரை ஒப்பிட வேண்டும். 60 கோடிப் பேர் பட்டியலில் இருக்கும்போது நாளொன்றுக்கு 10 லட்சம் பேர் சேர்ந்தால், ஒப்பீடுகள் 6 கோடி கோடி. இத்தனை பெரிய வேலையை எந்த நிறுவனமும் அதுவரை செய்ததில்லை. எனவே மூவரையும் ஒரே இடைமுகத்தின் பின்னால் நிறுத்தி, வேகமாகவும் துல்லியமாகவும் செய்பவருக்கு அதிகப் பங்கு போகும்படி அமைத்தார்கள். இடைமுகம் எழுத்தில் திட்டவட்டமாக இல்லாவிட்டால் மூன்று போட்டியாளர்களை ஒரே வாசலில் நிறுத்த முடியாது. பார்னாஸின் பாடம் இங்கே கொள்முதல் உத்தியாக மாறியது. 8.4 கோடிப் பேரின் தரவை வைத்து அளந்த பிழை விகிதங்களை 2012 ஜனவரி அறிக்கையில் ஆணையம் எண்ணிக்கையோடு வெளியிட்டதற்கும் இந்தப் போட்டி அமைப்பே காரணம் என்று கொள்ளலாம். அளக்க வழியிருந்தது, அளந்தார்கள்.

2012ல் நிர்வாகம் கைமாறியது. ஏழு ஆண்டுகளுக்குச் சுமார் 2,200 கோடி ரூபாய் மதிப்பில் நிர்வாகச் சேவை ஒப்பந்தம் எச்.சி.எல். இன்ஃபோசிஸ்டம்ஸுக்குக் கிடைத்தது. எழுதியவர் ஒருவர், ஓட்டுபவர் இன்னொருவர். மென்பொருள் உலகில் ஆவணம் தேறுமா தேறாதா என்று தெரிவது இப்படிப்பட்ட கைமாற்றத்தில்தான். அந்த மாற்றத்தின் உள்விவகாரங்கள் பொதுவெளிக்கு வரவில்லை. ஆனால் 2014ல் ஆணையம் ஒரு பெரிய நூலையே வெளியிட்டது: ஆதார் தொழில்நுட்பமும் கட்டமைப்பும், கொள்கைகள், வடிவமைப்பு, கற்ற பாடங்கள் என்ற பொருளில் தலைப்பு. திறந்த மூலத் தொகுதிகள், சாதாரண விலைக்குக் கிடைக்கும் சர்வர்கள், ஒரே நிறுவனத்தைச் சார்ந்திராமை, வேண்டும்போது பக்கவாட்டில் பெருக்கிக்கொள்ளும் அமைப்பு என்று அடிப்படைகளை அது வரிசையாக விளக்குகிறது. சோலர், எச்பேஸ், ராபிட்எம்க்யூ என்று கருவிகளின் பெயர்கூட விடுபடவில்லை. இந்தியாவில் ஓர் அரசு அமைப்பு தன் கணினி அமைப்பின் உள்ளமைப்பைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதி வெளியிட்டது அரிது.

காலத்தையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நிலேகணி பதவி விலகி, பெங்களூர் தெற்குத் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். ஆட்சி மாறியது. திட்டம் தொடருமா என்றே சந்தேகம் இருந்த நேரம். நிறுவனர்கள் வெளியேறும் நேரத்தில் எழுதப்பட்ட நூல் அது; உயில் என்றே சொல்லத் தோன்றுகிறது. உயில்களுக்கு உள்ள குறையும் அதற்கு உண்டு. எழுதிய நாளின் நிலையை அது சொல்கிறது; பிறகு மாறியதைச் சொல்லாது. கருவிகள் மாறின, அளவு மாறியது, சட்டம் வந்தது. நூல் அப்படியே நின்றது. அதைத் தினமும் நம்பி வேலை செய்தவர் யாரும் வெளியே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியது அங்கீகாரச் சோதனைக்கான ஏ.பி.ஐ. விவரக்குறிப்பு. ஒரு ரேஷன் கடை இயந்திரமோ வங்கியின் செயலியோ ஆதார் மையத்திடம் 'இந்த எண்ணும் இந்த ரேகையும் ஒருவருடையவையா' என்று கேட்க வேண்டிய முறையை அது வரையறுக்கிறது. பதில் ஆம் அல்லது இல்லை. கேள்வி ஓர் எக்ஸ்.எம்.எல். துண்டாகப் போகும். அதில் ஆதார் எண், முனையத்தின் குறி, கேட்கும் நிறுவனத்தின் குறி, பரிவர்த்தனை எண், உரிமச் சாவி ஆகியவற்றோடு பதிப்பு எண்ணுக்கென்று ஒரு கட்டாயப் புலமும் இருக்கும். கைரேகை உள்ள பகுதி கருவியிலேயே 256 பிட் சாவியால் பூட்டப்படும். அந்தச் சாவி ஆணையத்தின் 2048 பிட் பொதுச் சாவியால் பூட்டப்படும். கேட்கும் நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் நடுவே தனியாக ஒரு தபால்காரர் நிறுவனம் உண்டு. அந்த நிறுவனத்தால் பொட்டலத்தைத் திறக்க முடியாது.

பதிப்பு எண் ஏன் கட்டாயம்? நாடு முழுக்க லட்சக்கணக்கான கருவிகள். எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்ற முடியாது. பழைய பதிப்பில் பேசும் கருவியும் புதிய பதிப்பில் பேசும் கருவியும் சில காலம் ஒன்றாக ஓட வேண்டும். 1.5, 1.6, 2.0, 2.5 என்று பதிப்புகள் ஏறியபோது முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதும் சேர்ந்தே எழுதப்பட்டது. எழுதாவிட்டால் மறுநாள் காலை ஏதோ ஒரு மாநிலத்தில் ஓய்வூதியம் நின்றுபோகும். ஆவணத்தைப் புதுப்பிக்கச் சொல்லி இங்கே தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யாரும் நச்சரிக்க வேண்டியதில்லை.

அதன் பிழைக்குறி அட்டவணை தனியாக வாசிக்கத் தக்கது. குறி 300 என்றால் பயோமெட்ரிக் பொருந்தவில்லை. குறியை மட்டும் தந்துவிட்டு நிற்கவில்லை. பயனரிடம் என்ன சொல்லலாம், அடுத்து என்ன செய்யச் சொல்லலாம் என்ற பரிந்துரைக்கும் அட்டவணையில் இடம் உண்டு. மறுபடி விரல் வைக்கச் சொல்லலாம். ஆனால் வயலிலும் கல்குவாரியிலும் தேய்ந்த விரல் எத்தனை முறை வைத்தாலும் பொருந்தாது. அப்போது என்ன செய்வது என்பதைச் சேவை தரும் துறையே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. கட்டமைப்பின் எல்லைக்கோடு அங்கே போடப்பட்டது. ரேகை பொருந்தாமல் ரேஷன் அரிசி கிடைக்காத குடும்பம் நின்றது அந்தக் கோட்டுக்கு வெளியே. ஆதார் மீதான பிற்கால வழக்குகளில் விலக்கப்படுதல் பற்றிய வாதத்தில் கணிசமான பகுதி இந்த ஓரத்தில்தான் பிறந்தது. விவரக்குறிப்பு துல்லியமாக இருந்தது உண்மைதான். எதைத் தன் பொறுப்பில் எடுக்கவில்லை என்பதையும் அதே துல்லியத்தோடு பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

2016ல் ஆதார் சட்டம் வந்தது. செப்டம்பரில் ஒழுங்குமுறை விதிகள் வெளியாயின. அதுவரை பொறியாளர்களின் தீர்மானமாக இருந்தவை அரசிதழில் ஏறின. அங்கீகாரப் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது மென்பொருள் குழுவில் சாதாரணமாக ஓர் அமைவுக் கோப்பில் மாற்றும் எண். 2016ல் அது விதியானது: ஆறு மாதம், பிறகு ஐந்து ஆண்டு ஆவணக்காப்பு. 2017ல் 2.0 பதிப்பின்போது பதிவு பெற்ற கருவிகள் கட்டாயமாயின. ரேகையைக் கருவிக்குள்ளேயே கையெழுத்திட்டுப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சேமித்துவைத்த ரேகையை யாரும் மறுபடி அனுப்பிவிடலாம். 2018 ஜனவரி 10 அன்று மெய்நிகர் எண் அறிவிக்கப்பட்டது: ஆதார் எண்ணைத் தராமல் தற்காலிகமான 16 இலக்க எண்ணைத் தரலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெவ்வேறு டோக்கன், இரண்டு நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களை எளிதில் இணைத்துவிடாதபடி. 2010ல் எழுதப்பட்ட எண் வடிவம் அப்படியே நிற்க, அதன்மேல் ஒரு திரை போடப்பட்டது. அரசியல் சாசன அமர்வு விசாரணையைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு இது வந்தது என்பதைச் சும்மா விட முடியாது.

38 நாள் விசாரணைக்குப் பிறகு 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு. பெரும்பான்மை நீதிபதிகள் திட்டத்தை ஏற்றார்கள். ஆனால் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். தனியார் நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் ஆதாரைக் கேட்க இடம்தந்த 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கினார்கள். சேமிப்புக் காலம், யார் கேள்வி கேட்கலாம் என்ற பட்டியல் இரண்டுமே கட்டமைப்பு ஆவணத்தில் இருக்கும் சங்கதிகள். உலகில் எத்தனை மென்பொருள்களின் வடிவமைப்பை உச்ச நீதிமன்றம் திருத்தியிருக்கும்? அடுத்த ஆண்டு வந்த சட்டத் திருத்தம், மையத்தைத் தொடாமலே கையொப்பமிட்ட கோப்பையோ கியூ.ஆர். குறியையோ வைத்து அடையாளம் காட்டும் முறைக்குச் சட்ட இடம் தந்தது.

பெங்களூரில் கதையின் அடுத்த பகுதி எலக்ட்ரானிக் சிட்டிக்கு நகர்கிறது. 2018ல் அங்குள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மோசிப் தொடங்கியது. எந்த நாடும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அடையாளத் தளம், திறந்த மூலம், மோசில்லா பொது உரிமம். கேட்ஸ் அறக்கட்டளை, டாட்டா அறக்கட்டளைகள், ஒமிட்யார் நெட்வொர்க் ஆகியவை பணம் தந்தன. ஆதாரின் நிரல் இங்கே வரவில்லை. அதன் யோசனைகள் வந்தன. பொட்டலமாகப் பூட்டுதல், பல பயோமெட்ரிக் நிறுவனங்களுக்கு ஒரே வாசல், மெய்நிகர் எண், டோக்கன் எல்லாம் அடையாளம் தெரிகின்றன. எண்ணின் காவல் இலக்கத்துக்கும் வெர்ஹூஃப்தான்.

ஆவணத்தின் நிலை மட்டும் தலைகீழ். ஆதாரில் உள்ளமைப்பு எழுத்து உள்ளேயே இருந்து பழசாகலாம். மோசிப்பில் அது முடியாது. மொராக்கோ, பிலிப்பைன்ஸ், எத்தியோப்பியா ஆகியவை அதை எடுத்துத் தங்கள் ஊர் நிறுவனங்களை வைத்துக் கட்டின. அங்குள்ள பொறியாளர் பெங்களூர்க் குழுவைச் சந்திக்கும் முன்பே ஆவணத்தைத்தான் சந்திக்கிறார். அதனால் ஆவணம் நிரலோடு சேர்ந்தே பதிப்பாகிறது, 1.1.5, 1.2.0 என்று நீண்டகால ஆதரவு உள்ள ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்குரிய ஆவணம் தனியே நிற்கிறது.

மொழி விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். தொடக்கப் பதிப்புகளின் அமைவுக் கோப்பில் முதன்மை மொழி ஒன்று, இரண்டாம் மொழி ஒன்று என்று இரண்டே இடங்கள். அரபியும் பிரெஞ்சும் புழங்கும் மொராக்கோவுக்கு அது பொருந்தும். யாரும் தவறாக நினைத்து எழுதியதல்ல. முதல் பயனாளர்களின் தேவை கட்டமைப்பில் உறைந்துவிட்டது, அவ்வளவுதான். 1.2.0 பதிப்பில் அந்த இரண்டு இடங்களும் நீங்கி, கட்டாய மொழிகள், விருப்ப மொழிகள் என்று இரண்டு பட்டியல்கள் வந்தன. பட்டியலில் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றால் திரை, தரவுத்தளம், அச்சிடும் அட்டை எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும். பழைய பதிப்பிலிருந்து வருகிறவர்கள் எதை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் எழுத வேண்டியிருந்தது.

2022 மார்ச்சில் இலங்கை தன் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவோடு உடன்பாடு செய்துகொண்டது. இந்தியா தர ஒப்புக்கொண்ட மானியம் 300 கோடி ரூபாய், அடித்தளம் மோசிப். அங்கே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். பழைய அமைவுக் கோப்பில் இருந்த இரண்டு இடங்களில் தமிழுக்கு மூன்றாவதாகத்தான் வரிசையில் நிற்க நேர்ந்திருக்கும்.